எடுத்த இடம் தெரியாத வரி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறவன் முதல் வரியிலேயே உதவி கேட்டால் நன்றாக இருக்காது. அதனால் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறேன். போன் செய்தால் என் நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்க மாட்டாய். தபால்காரர் நீட்டினால் வாங்கித்தானே ஆக வேண்டும்?

ஆய்வேட்டை ஏப்ரல் முப்பதுக்குள் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தலைப்பு உனக்கு நினைவிருக்கும்: கடவுளிடம் கோபித்துக்கொண்டு செய்யும் ஜெபங்கள். “உனக்கேத்த தலைப்புதான்டா வக்கீலு” என்று, எதற்கெடுத்தாலும் வாதாடுகிற எனக்கு வைத்த பேரைச் சொல்லி அம்மா சிரித்தாளே, அதேதான். இதில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு மேற்கோளின் மேல் நிற்கிறது. அது இது:

“கோபித்துக்கொண்டு கூப்பிடுகிறவர்கள் இன்னும் நம்மைக் கைவிடவில்லை. கோபமும் தீர்ந்து, கூப்பிடாமலும் இருக்கிறார்களே, அவர்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.”

வழிகாட்டிப் பேராசிரியர் இதன் பக்கத்தில் பென்சிலால் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். “வரி பிரமாதம்யா. ஆனா யார் சொன்னது, எங்க சொன்னதுன்னு வேணுமே. இல்லன்னா தூக்கிடு” என்றார். தூக்கினால் அத்தியாயம் படுத்துவிடும்.

நான் எதைப் படித்தாலும் அட்டையில் குறித்து வைக்கிறவன். மூலையில் புத்தகத்தின் எண்ணும் பக்கமும் இருக்கும். இந்த ஒரே அட்டையில் தேதி மட்டும் இருக்கிறது, மார்ச் 14, இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அம்மாவின் அடக்கம் முடிந்து கிளம்பியபோது ஒரு பெட்டிப் புத்தகம் அங்கே விட்டுவந்தேன். அதில் இந்த வரி இருக்கிறதா, பார்க்கிறாயா? ஓரத்தில் பென்சில் கோடு போட்டிருப்பேன்.

நீ எப்படி இருக்கிறாய்? மருந்துக்கடையில் இன்னும் காலை வேலைதானா?

உன் தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

பெட்டியைத் திறந்தேன். பதினாறு புத்தகம், கூடவே ஒரு கரப்பான் குடும்பம். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உன் பென்சில் கோடுகளை எல்லாம் பார்த்தேன். பாதிப் புத்தகங்களில் முதல் இருபது பக்கத்துக்கு மேல் கோடே இல்லை.

அந்த வரி இதில் இல்லை.

டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் பதினெட்டு வருஷமாகப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். உன் கையெழுத்து அதைவிட மோசமாகிவிட்டது. ஆனாலும் அந்த வரியை ஒரே பார்வையில் படித்துவிட்டேன். யார் எழுதினது என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. சொல்ல மாட்டேன். உன் நூலகத்திலேயே தேடு. அவ்வளவு பெரிய நூலகம், அதற்காகத்தானே போனாய்.

காலை வேலைதான்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

அடேயப்பா, உனக்கு யூகம் வேறா! சொல்லித் தொலையேன். இங்கே நான் நாயாய் அலைகிறேன்.

வாசிப்பறையில் தினமும் காலை எட்டு மணிக்கு முதல் ஆள் நான்தான். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் முடித்துப் போய்விட்டார்கள். நீள மேஜையில் பத்து நாற்காலி, உட்கார்ந்திருப்பது ஒரு ஆள். சில நாள் சாயங்காலம் வெளியே வந்து டீ கேட்கும்போதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று தெரிகிறது. குரல் கரகரவென்று வருகிறது, டீக்கடைக்காரர் “ஜலதோஷமா சார்?” என்கிறார்.

தகவல் மேசையில் ஒரு அம்மா இருக்கிறார்கள். என் மேல் இரக்கப்பட்டு அவர்களே தேடலில் இறங்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இறையியல் இதழ்கள் எல்லாவற்றிலும் தேடினார்கள், இல்லை. வேறு மூன்று நூலகங்களுக்கு எழுதி நகல் பக்கங்கள் தருவித்தார்கள், இல்லை. கடைசியில் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் பெயரில் பழைய கணக்கைத் திறந்தார்கள்.

“மார்ச் பதினாலா? மறுநாள்ல இருந்து ரெண்டு வாரம் லைப்ரரி மூடியிருந்தோம், எல்லாப் புத்தகமும் இருக்கான்னு சரிபார்க்க. அன்னிக்கு எல்லாரும் எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்தே ஆகணும். நீங்க பதினோரு புத்தகம் கொடுத்திருக்கீங்க. எதுவும் எடுக்கல.”

ஆகவே அந்தப் பதினொன்றில் ஒன்றுதான்! பதினொன்றையும் மறுபடி எடுத்து, இந்த முறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது முடிந்துவிட்டது. தாடி வைத்த எந்தப் பெரியவர் எங்கே ஒளிந்திருக்கிறாரோ தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ இன்னும் கொஞ்சம் நீளமாக எழுதலாம்.

உன் தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

அந்தப் பதினாலாம் தேதி உனக்குத் தபால் ஏதாவது வந்ததா என்று யோசித்துப் பார்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உன் கார்டை நூலகப் படிக்கட்டில் நின்று படித்தேன்.

வந்தது. அன்று காலை விடுதியில் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். கையில் பதினோரு புத்தகம். திருப்பிக் கொடுக்கிற வரிசை வாசல் வரை நின்றது. வரிசையில் நின்றுகொண்டே முதல் தாளைப் படித்தேன். அந்த வரி வந்ததும், ஆகா என்று பட்டது. பேனாவை எடுத்து அட்டையில் எழுதிக்கொண்டேன். அதற்குள் என் முறை வந்துவிட்டது. தாள்களை மேலே இருந்த புத்தகத்துக்குள் செருகினேன். புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன்.

பிறகு அதைப் பற்றி நினைக்கவே இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். சத்தியமாக அக்கா, படித்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

தகவல் மேசை அம்மாவிடம் ஓடினேன். சொன்னதும் கீழ் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்கள். திரும்பி வந்த புத்தகங்களுக்குள் கிடந்தவை எல்லாம் அதில் வருஷவாரியாக இருக்கின்றன. பஸ் டிக்கெட், கல்யாணப் போட்டோ, ஒரு குழந்தையின் மார்க் ஷீட். “யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு எடுத்து வெக்கிறேன். இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல” என்றார்கள். உன் மூன்று தாளும் இருந்தன. கீழே ‘அக்கா’ என்று மட்டும் போட்டிருந்தாய். யாருடைய அக்கா என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

முதல் தாளில் அந்த வரிக்கு முந்தின வரி, “அம்மா தினமும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் கூப்பிடுகிறாள்” என்று இருக்கிறது. அதை நான் அட்டையில் எழுதவில்லை.

இரண்டாம் தாளை இன்றுதான் படித்தேன். “ஏப்ரலைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் அம்மாவிடம் கேட்காதே, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லுவாள். இதைப் போனில் நான் சொன்னால் நீ ம், ம் என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.” மூன்றாம் தாள். “நீ வருவாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மத்தியான பஸ் வரும் நேரத்துக்குத் தலை வாரிவிடச் சொல்லி ஜன்னல் பக்கம் உட்காருகிறாள். என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதே.”

அந்த ஆறு வாரமும் ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா நல்லா இருக்கேன் என்றாள். நான் நம்பினேன். வாசிப்பறையில் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன் அக்கா. பத்து நாற்காலியும் காலியாக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தையே எடுத்துவிடட்டுமா? வைத்தால் அடிக்குறிப்பில் உன் பெயரைப் போடட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போய், கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு முறை படித்தேன்.

நீ எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் வராமல் இருந்தாய் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் சிரித்துப் பேசியதைக் கேட்டு, கல்நெஞ்சக்காரன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடக்கத்துக்கு நீ வந்தபோதும் கேட்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு வருஷமும் மனசுக்குள் உன்னோடு சண்டைதான். மாத்திரை எண்ணும்போது சண்டை, துணி துவைக்கும்போது சண்டை. நீ ஏதாவது சாக்குச் சொல்வாய், நான் அதற்குப் பதில் வைத்திருப்பேன். நீ எப்போதாவது நேரில் வந்தால் கேட்க எத்தனை வைத்திருந்தேன் தெரியுமா?

இப்போது ஒன்றும் இல்லை. வரமாட்டேன் என்று முடிவு செய்தவனோடு சண்டை போடலாம். மூன்று தாளில் ஒன்றைப் படித்து, அதில் தனக்கு வேண்டிய வரியை எடுத்துக்கொண்டு, மீதியை மூடி வைத்தவனோடு என்ன சண்டை போடுவது? உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தச் சண்டை நின்றுவிட்டது. வீடு நிசப்தமாக இருக்கிறது.

அத்தியாயத்தை எடுக்க வேண்டாம். உழைத்திருக்கிறாய். என் பெயரும் வேண்டாம். ‘தனிக் கடிதம், பதில் எழுதப்படாதது’ என்று போடு. அது சரியான விவரம்.

இந்த வீட்டைக் காலி செய்கிறேன். ஒருத்திக்கு மூன்று அறை எதற்கு? உன் புத்தகப் பெட்டியைப் பார்சலில் போட்டாயிற்று, கரப்பான்களைத் துரத்திவிட்டுத்தான். உடம்பைப் பார்த்துக்கொள். வாயைத் திறந்து யாரோடாவது பேசு.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை.

அக்கா


ஜூலை 21

அக்கா,

நீ கடைசியாக எழுதின பிறகு இது ஐந்தாவது கடிதம். புது வீட்டு முகவரி நீ தரவில்லை, அதனால் இதையும் மருந்துக்கடைக்கே அனுப்புகிறேன். எதுவும் திரும்பி வரவில்லை. அப்படியென்றால் உன் கைக்கு வருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறாய்.

நீயெல்லாம் ஒரு அக்காவா? ஒரு கார்டில் ஒரு வரி எழுத உனக்குக் கை வலிக்கிறதா? ஊரில் இருக்கிற டாக்டர் எல்லாருடைய கிறுக்கலையும் படிக்கிறாய், சொந்தத் தம்பி எழுதுவதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். முந்தின நாலு கடிதத்திலும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. எனக்குக் கோபம் வருகிறது.

ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மூன்றாம் அத்தியாயத்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். அடிக்குறிப்பில் நீ சொன்னபடியே போட்டேன். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, பழைய பிரதியில் போட்டிருந்த பென்சில் கேள்விக்குறியை அழித்தார்.

நூலக அட்டையை இந்த மாதம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தகவல் மேசை அம்மா தினமும் “பதில் வந்துச்சா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? அடுத்த மாதம் மூன்றாம் தேதி மத்தியான பஸ்ஸில் வருகிறேன். கடை வாசலில் நிற்பேன். நீ உள்ளேயே இருந்துகொண்டாலும் நிற்பேன்.

அதற்குள் என்னைத் திட்டி எழுது. எத்தனை தாளானாலும் எழுது. கடைசித் தாள் வரை படிப்பேன்.

வக்கீல்