மச்சான் பிடிக்காத கயிறு

மாமா,

இன்று காலை பெங்களூர் லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப் பக்கம், தெருக் கூட்டுகிற அம்மா பச்சை இலையும் சருகுமாகக் குவித்துக் கொளுத்தியிருந்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அஞ்செட்டி மலையில் தேனெடுக்கும்போது நீங்கள் மூட்டுகிற புகை அது. என் அக்காவைக் கட்டியவர் நீங்கள். பாறை உச்சியில் உங்களுக்குக் கயிறு பிடிப்பவன் நான்.

நம் இருளர் வழக்கத்தில் தேனெடுப்பவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். சொந்த ரத்தம் பிடிக்கக் கூடாது. "அண்ணன் தம்பி புடிச்சா வழுக்கும்டா. மச்சான் கை வழுக்காது. அவன் அக்கா தாலி அதுல தொங்குதுல்ல" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

உங்கள் மகனுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் வாட்ச்மேன் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், வயதான காலத்தில் மலையில் எதற்கு என்று உங்கள் இருவரையும் அழைத்துவந்தான். நான் அதற்கு முன்பே பெயிண்ட் வேலைக்கு இங்கே வந்துவிட்டவன். படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள், அவளுக்குப் பேச ஆள் கிடைத்தது. உங்களுக்கு என்ன இருந்தது? கேட் பக்கம் ஒரு ஸ்டூல். "வேளைக்குச் சோறு, டிவி. பெருசுக்கு வேற என்ன வேணும்?" என்று எல்லாரும் சொன்னோம். பாவி, நானும்தான் சொன்னேன்.

அப்போதுதான் நாலாவது மாடி சன்ஷேடுக்கு அடியில் மலைத்தேனீ வந்து கூடு கட்டியது. என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினீர்கள். "பாத்தியாடா, நம்மள மாதிரியே மலைய வுட்டுட்டு வந்துருக்குது!" அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்று அக்கா சொன்னாள். மாடிக்காரர்களிடம் நீங்களே பேசினீர்கள். "சரி தாத்தா, ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்துடுங்க" என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நான் பிடிக்கிறேன் என்ற மகனிடம், "நீ கூடாது. மச்சான் வருவான்" என்றீர்களாம்.

நான் வரவில்லை, மாமா. உங்களுக்கு எழுபது வயது, கை நடுங்குகிறது என்று காரணம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. வீட்டுக்காரரிடம் இருளன் என்பதை மறைத்து, என்னை ஓசூர்க்காரன் என்று சொல்லித்தான் குடியிருந்தேன். பெயிண்ட் வேலையில் கூட நிற்கிறவர்களிடமும் அதே கதை. நீங்கள் கோவணத்தோடு ரிச்சர்ட்ஸ் டவுன் நடுவில் தொங்க, மேலே நான் நிற்பதை எவனாவது பார்த்துவிட்டால்? "இது காடு இல்ல மாமா. மானத்த வாங்காதீங்க, சும்மா இருங்க" என்றேன்.

"சும்மா இருந்துதான்டா செத்துக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். கோபமாகக்கூட இல்லை. கெஞ்சினீர்கள்.

அந்த வாரம் முழுக்க, பலகையில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கும் ஒருவனுக்குக் கூலிக்குக் கயிறு பிடித்தேன். அவன் பெயர்கூட மறந்துவிட்டது.

ஞாயிறு தாண்டியதும் மருந்தடிக்கிறவர்கள் வந்தார்கள். வாசலெல்லாம் தேனீக்கள் செத்து விழுந்தன. யாரையும் தொடவிடாமல் நீங்களே விளக்குமாற்றால் கூட்டினீர்களாம். அதற்குப் பிறகு ஸ்டூல் பக்கம்கூடப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். ஆஸ்பத்திரியில் நோய் ஒன்றுமில்லை, வயசு என்றார்கள்.

கடைசி நாள் மதியம் உங்கள் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கண்ணைத் திறக்காமல் கையைத் தூக்கித் துழாவினீர்கள். "மேல யாரு? கயிறு யாரு கையில?"

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான்தான் மாமா. கெட்டியா புடிச்சிருக்கேன், எறங்குங்க."

"பொய் சொல்லாதடா. நீதான் வரலன்னுட்டியே" என்று கையை உருவிக்கொண்டீர்கள். அதற்குமேல் பேசவில்லை.

அக்கா அப்போது குழாயடியில் இருந்தாள். "கடைசியா மாமா ஏதாச்சும் சொன்னாராடா?" என்று இன்னமும் கேட்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.