நான் அடித்த விதி

ஓய், இன்று காலை பசை வாசனையில் உம் நினைவு வந்தது. புது வாசகசாலைச் சுவரில் அப்போதுதான் ஒரு அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். உறுப்பினர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிட்டார்களாம். மலையாளப் பத்திரிகைகளை நிறுத்த வேண்டாம், பிள்ளைகள் அவற்றைத்தான் படிக்கிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். அவ்வளவுதான் என் குற்றம். "எந்த விதிப்படி?" என்று கேட்டேன். சிரித்தார்கள்.

அந்தக் கேள்வி உம்முடையது. கரமனையில் பழைய வாசகசாலைக்கு நீர் தலைவர், நான் காரியதரிசி. கிழிந்த பத்திரிகைகளைக் கஞ்சிப் பசை தடவி நீர் ஒட்டுவீர், நான் பிடித்துக்கொள்வேன். மகாராஜா கோவில்களை எல்லா ஜாதியாருக்கும் திறந்துவிட்ட மறு வருஷம் இசக்கிமுத்து வாத்தியார் வந்து சேர்ந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர். அவர் ஜாதியார் அதுவரை நம் தெருவில் கால் வைத்ததில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் சேரலாம் என்பது நம் விதி. அதை எழுதியபோது இப்படி ஒருவர் வருவார் என்று நாம் நினைக்கவில்லை. நீரும்தான்.

ஒரே வாரத்தில் கூட்டம் கூட்டினார்கள். தாலுகா கச்சேரி குமாஸ்தா வெங்கு எழுந்து நின்றான்.

"இத்தனை பேர் ஒண்ணாச் சொல்றோம். அவரை நீக்கணும். நீர் ஒருத்தர் தடுக்கறதாவது?"

"எந்த விதிப்படி?" என்று கேட்டீர். "என்ன தப்புன்னு எழுதிக் காட்டாம, அவர் பதிலையும் கேக்காம யாரையும் நீக்கப்படாது. நாமதானே எழுதினோம்?"

"எழுதினவா மாத்தப்படாதா?"

"பேஷா மாத்துங்கோ. ஒரு மாச நோட்டீஸ், நாலுல மூணு பங்கு பேர் சம்மதம். அதுவரைக்கும் எனக்கும் அதான் விதி, உங்களுக்கும் அதான்."

கடைசிவரை அந்தத் தீர்மானத்தை வாக்குக்கு விட நீர் மறுத்துவிட்டீர். வாத்தியார் மூலையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ வேற வாசகசாலை ஆரம்பிக்கறோம். வரவா கை தூக்குங்கோ" என்றான் வெங்கு.

நானும் தூக்கினேன். தெருவில் தனியாக நிற்கப் பயம், வேறொன்றுமில்லை. நீர் என்னைப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்த பத்திரிகைகளை மடிக்க ஆரம்பித்தீர்.

புது இடத்துக்கு விதிகளைப் பிரதி எடுத்ததும் நானே. பதில் கேட்காமல் யாரையும் நீக்கக்கூடாது என்ற அந்த ஒரு விதியை அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன்.

அதன்பின் தெருவில் எதிர்ப்பட்டால், "சௌக்கியமா ஓய்?" என்று மட்டும் கேட்பீர். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோயிற்று. அதுவரை தினமும் பழைய வாசகசாலையைத் திறந்தீர். உமக்குப் பிறகு வாத்தியார் திறக்கிறார்.

இன்று மத்தியானம் வேறு போக்கிடமில்லாமல் அங்கே போனேன். பள்ளிக்கூடம் விடுமுறை, வாத்தியார் மட்டும் இருந்தார்.

"வாங்க, இரிங்க" என்றார்.

"அன்னிக்குக் கை தூக்கினவன் நான்."

"தெரியும். எழுதப் படிக்கத் தெரியும்லா? பேர எழுதுங்க."

உறுப்பினர் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். எழுதினேன். மனதில் நிம்மதியில்லை, களைப்புத்தான் இருந்தது. உம்மிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை அவரிடமாவது கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் பத்திரிகையை எடுத்து நீட்டினார்; வாங்கிக்கொண்டு, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். கேட்காத அந்த மன்னிப்போடுதான் வீடு திரும்பினேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.