தனித்தனிப் பெட்டியில் ஒரு ஜோடி

என்னங்க,

நலமா? முட்டிவலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து. மரக்கிளையில் புடைப்பு உண்டாக்கி அதற்குள்ளேயே வாழும் செதில்பூச்சிகளை இனம் பிரித்துக்கொண்டிருந்தேன். பெரிய புடைப்புக்குள் காலில்லாத ஒன்று, சின்னப் புடைப்புக்குள் இறகுள்ள ஒன்று. வெவ்வேறு இனமென்று தனித்தனிப் பெட்டியில் போட்டுவிட்டேன். பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு வச்சிட்டியே!" நானும் சிரித்துவைத்தேன்.

பெண் சாகும்வரை புடைப்பைவிட்டு வெளியே வராதாம். வளர்ந்த ஆணுக்கு வாயே கிடையாது. ஓரிரு நாள்தான் ஆயுள். அதற்குள் அவளைத் தேடிப் பறந்து போய்விடுகிறது.

என் நீலச் சால்வையை அனுப்புங்கள். இங்கே குளிர் அதிகம். கூடவே இரண்டு வரி எழுதுங்கள். இது என் நான்காவது கடிதம். உங்களுக்கு வாயும் இருக்கிறது, கையும் இருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

இன்னொரு பெட்டியிலிருந்து,
உங்கள் மனைவி