கப்பல் பெயர் கேட்டார்கள்

மக்கா,

இன்று காலை, துபாய்க்குப் பக்கத்தில் இந்த அஜ்மான் துறையில் வலையை இழுத்துப் போட்டபோது மீன் வாடைக்கு முன்னால் தார் வாடை வந்தது. கண்ணியெல்லாம் கறுப்பு. எவனோ ஒரு கப்பல்காரன் நடுக்கடலில் கழிவெண்ணெயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான். என் கண் உடனே கரையில் உன்னைத் தேடியது. நீ மண்ணுக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட சேதி கண்ணுக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

நாலாம் வகுப்பு வரை நாம் ஒரே பெஞ்சு. அப்புறம் நான் கடலுக்கு, நீ காலேஜுக்கு. வெளிநாடு போய்க் கடலுக்கான சட்டம் படித்து, துபாயில் கோட்டு போட்ட வக்கீலானாய். நான் பக்கத்திலேயே அஜ்மானுக்குப் படகுக் கூலியாக வந்து சேர்ந்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் எங்கள் ரூமில் மீன்குழம்புக்குச் சம்மணம் போட்டுவிடுவாய். அப்படி ஒருநாள் சொன்னாய்:

"ஐரோப்பாக்காரன் சட்டத்துக்கு அஸ்திவாரமே இதாம்லே. அழுக்காக்குனவந்தான் செலவக் குடுக்கணும்."

"எங்க வீட்டுல அழுக்காக்குறது நான், துவைக்கிறது அவ. ஐரோப்பாவுல எனக்குத் தூக்குத்தான்."

உனக்குப் புரையேறிவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாய்: ஒரு நாட்டின் அழுக்கு இன்னொரு நாட்டின் கரையில் ஒதுங்கக் கூடாது, பெரிய கெடுதல் வருமென்று தோன்றினாலே, முழுதும் நிரூபணமாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. "சட்டம் நல்லாத்தாம்லே இருக்கு. கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, கேப்டன் ஒரு நாடு. கப்பலப் புடிக்கதுக்குள்ள அது பேரையே மாத்திப்புடும்."

முன்பு ஒருமுறை இப்படித் தார் ஒட்டியபோது அதைக் கரைத்துக் கழுவ நாங்கள் வழக்கம்போல டீசல் கேனைத் தூக்கினோம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பூசைக்குப் போட்ட ஷூவோடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தாய்.

"டீசலத் தொடாதலே! எந்தக் கப்பல் எண்ணெயின்னு பாக்கணும். கலந்தா சாட்சியே செத்துரும்!"

தாரைச் சுரண்டி எடுத்துக்கொண்டு எங்கெங்கோ அலைந்தாய். கப்பல் சிக்கவில்லை.

இன்று டீசல் கேனைத் தூக்கிய படகுப் பையன்களைத் தடுத்தது நான். படகு முதலாளி அர்பாப் போனில் கத்தினார்: "தார் மாஃபி முஷ்கில்! டீசல் டாலோ, யல்லா!" தாரெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லையாம், டீசலை ஊற்றிச் சட்டென்று கிளம்ப வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் வலை கடலில் இறங்காவிட்டால் எங்களுக்குக் கூலி இல்லை. உன் ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு தமிழ்ப் பிள்ளை எடுத்தது.

"கப்பல் பேர் என்னண்ணா?"

"தார்கிட்ட கேட்டுப் பாத்தேம்மா. வாயத் தொறக்க மாட்டேங்கு."

சிரித்தது. "பேர் இல்லாம நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா. சாரி."

அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை. யார்மேல் தப்பு என்று சொல்லத்தான் ஆளில்லை. கேனை நானே திறந்தேன். தார் கரைந்து, டீசலோடு சேர்ந்து ஓடியது. வேறெங்கே, கடலுக்குள்தான். இப்போது அழுக்காக்கியவர்களில் பெயர் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்றைக்குச் சுரண்டி முடித்ததும், கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், என் விரல்களைப் பிரித்துப் பார்த்து, "எரியுதாலே?" என்று கேட்டாய். "மீன்காரன் தோலு உன் கோட்டவிடக் கெட்டிலே" என்று பீற்றிக்கொண்டேன்.

இன்று அதை யாரும் கேட்கவில்லை. எரிகிறது, மக்கா.