வாய் மூடக்கூடாத புல்வெளி

அன்புள்ள வீட்டு எஜமானிக்கு,

நலம். உன் முதுகுவலியும் அத்தையின் கோபமும் குறைந்தனவா?

நான் அளக்க வந்திருக்கும் புல்வெளியில் சின்ன அசௌகரியம் ஒன்று உண்டு. பேசாமல் நடப்பவரைப் புல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் இங்குள்ள மேய்ப்பர்கள் தனியாகப் போகும்போது மாமியாரைத் திட்டிக்கொண்டே போகிறார்கள். விஷயம் தீர்வதே இல்லையாம்.

நானோ, உன் கணக்குப்படி, நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிறவன். வாய்ப்பாடு சொல்லிச் சமாளித்தேன். செவ்வாய்க்கிழமை உன் நினைவு வந்து பதினாறாம் வாய்ப்பாட்டில் நின்றுவிட்டேன். புல் இடுப்புவரை ஏறிவிட்டது. கூட வந்த மேய்ப்பர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"பொண்டாட்டி நினைப்பா சார்? அதை வாய்விட்டு நினைச்சாத்தான் என்ன?"

பயப்படாதே, செருப்பு மட்டும்தான் போயிற்று. ஒன்பதாம் நம்பரில் ஒரு ஜோடி அனுப்பு. அடுத்த மாதம் அவர் மலைக்குப் போகிறார். பிறகு நான் தனியாகத்தான் நடக்க வேண்டும். அதனால் கடிதத்தை நீளமாக எழுது. அத்தை சொன்னது, நீ திருப்பிச் சொன்னது, குழாய் ஒழுகுவது, எதையும் விட்டுவிடாதே. சத்தமாகப் படித்துக்கொண்டே நடப்பேன்.

தபால்காரர் வாசலில் பேசிக்கொண்டே நிற்கிறார். அவருக்கு விஷயம் தீர்வதற்குள் முடிக்கிறேன். என் கூடாரத்துக்கும் ஆற்றுக்கும் நாலு மைல். உன் போன கடிதம் ஒன்றரை மைல்தான் வந்தது.

உன் வீட்டுக்காரன்