இலைக்கத்தியும் கருவேல ஆப்பும்

நேற்று உன் மகன் வந்திருந்தான். பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறானாம். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள், உன் வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருப்பாயே, அந்தக் கட்டை.

"அடுப்புக்கு ஆகும்னு பொளக்கப் பாத்தேன் அத்தை. உள்ள ஏதோ இரும்பு இருக்கு. அம்மா இருந்தவரைக்கும் இத எறியவே விட்டதில்ல. ஒங்களுக்கு எதாச்சும் தெரியுமா?" என்றான்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நீ எப்போதும் சுவர்ப் பக்கமாகவே வைத்திருந்த பக்கம் அது. கறுத்த மரத்துக்குள் நகத்தளவுக்கு என் கத்தியின் முனை. இத்தனை வருஷமும் அந்தக் கட்டையைத் தாண்டித்தான் உன் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறேன். ஒரு நாளாவது வாயைத் திறந்தாயா? அழுத்தக்காரி.

"தெரியலப்பா, எங்கிட்டயே குடுத்துட்டுப் போ" என்று அவனை அனுப்பிவைத்தேன். அவனுக்கு உன் கண். நம்பாமல்தான் போனான்.

முனை போன அந்தக் கத்தி இன்னும் என் அடுக்களையில் கிடக்கிறது. வாழை இலை அறுப்பதற்கென்றே மன்னார்குடிப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கியது. மடக்குகிற ஜாதி இல்லை. பிடியோடு சேர்த்து இறுக்கிய நீளமான, மெல்லிய அலகு. இலைக்காம்பில் வைத்தால் போதும், தானே இறங்கும். படுகையில் பண்ணையாரின் வாழைத்தோட்டத்தில் இலை அறுத்துக் கட்டுவதுதான் அப்போது என் பிழைப்பு. அந்தக் கத்தி கையில் இருந்தால் உலகத்தில் எதையும் அறுத்துவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று புது ஆட்சியில் சட்டம் வந்திருந்த சமயம் அது. டீக்கடை முழுக்க அதே பேச்சு. உன் புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பண்ணையாரிடம் குத்தகைக்கு எடுத்து அவர் உழுத மூன்று மா நிலத்தை உன் பெயரில் பதியச் சொல்லித் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தாய். பண்ணையார் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் வயலுக்குப் பிரியும் வாய்க்காலின் மதகில் பலகைகளை இறக்கி, பலகைக்கும் தூணுக்கும் நடுவே ஒரு ஆப்பை அடிக்கச் சொன்னார், அவ்வளவுதான். பயிர் கதிர் வெளிவராமல் பொதியில் நின்றது. தண்ணீர் இல்லாவிட்டால் பதர்தான் மிஞ்சும். வயல் காய்ந்தால் நீ சாகுபடியே செய்யவில்லை என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். அப்புறம் பதிவு ஏது, நிலம் ஏது?

உச்சி வேளையில், பண்ணை ஆட்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து நாம் இரண்டு பேரும் போனோம். கோடாலி கொண்டுபோனால் சத்தம் கேட்கும், இலைக்கட்டோடு போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது உன் யோசனை. கத்தியாலேயே ஆப்பைச் சீவி எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. இரண்டில் எது பெரிய முட்டாள்தனம் என்று நாம் கடைசிவரை தீர்த்துக்கொள்ளவே இல்லை.

முறை வைத்துத் திறந்துவிடும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் இடுப்பளவு நின்று ஏறியது. முதலில் வேலை லேசாகத்தான் நடந்தது. ஆப்பின் தலையில் வெளிமரம் வெள்ளை வெள்ளையாகச் சீவிக்கொண்டு வந்தது. "பாத்தியா?" என்றுகூட உன்னிடம் பீற்றிக்கொண்டேன். ஒரு விரல்கடை உள்ளே போனதும் மரம் கறுத்தது. வைரம் பாய்ந்த கருவேலம். அதற்குமேல் கத்தி வெட்டவில்லை, வழுக்கியது. ஓங்கிப் போட்டால் அலகு அதிர்ந்து என் முழங்கை வரை வலித்தது. யாரோ கடித்து வைத்த மாதிரி அலகு பல்லுப் பல்லாகப் போய்விட்டது.

"நீ ஆப்பை ஆட்டு, நான் அடிப்பலகையத் தூக்கிப் பாக்குறேன்" என்று நீ குனிந்து பலகைக்கு அடியில் இருந்த இடுக்கில் வலக்கையை விட்டாய். நான் ஆட்டினேன். ஆட்டியது நான்தான். ஆப்பு ஒரு நொடி இளகியது, பலகை சடாரென்று இறங்கியது, ஆப்பு மறுபடி இறுகிவிட்டது. உன் மணிக்கட்டு பலகைக்கும் கருங்கல் படிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

நீ கத்தவில்லை. "ஏ புள்ள, கை வரல" என்றாய், ஏதோ வளையல் மாட்டிக்கொண்டதைச் சொல்வது போல.

பலகையைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கை மாட்டியிருந்தது அடியில். நீ நிமிர முடியாது. குனிந்த வாக்கில் தண்ணீர் உன் கழுத்தில் நின்றது. ஆப்பை எடுக்காமல் பலகை வராது. நான் வெறி பிடித்தவள் மாதிரி வெட்டினேன். கத்தி மரத்தில் கோடு போட்டதே தவிர இறங்கவில்லை. ஆப்பின் தலையில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தது. அதில் முனையை வைத்துக் கரையில் கிடந்த செங்கல்லால் கத்தியின் முதுகில் அடித்தேன். இறங்கியது. அரை விரல் இறங்கியது. அப்படியே இன்னும் இரண்டு அடி அடித்திருக்கலாம். பொறுமை எங்கே இருந்தது? பிளந்துவிடும் என்று பிடியைப் பிடித்துத் திருகினேன். டக் என்று ஒரு சத்தம்.

"என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

முனை ஒடிந்து மரத்துக்குள் நின்றுவிட்டது. மொட்டைக் கத்தி என் கையில். தண்ணீர் உன் மோவாயைத் தொட்டது. பண்ணையார் களம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே கோடாலி உண்டு.

"நான் களத்துக்குப் போறேன்" என்றேன்.

"போவாத. மதகை ஒடச்சோம்னு கேஸ் போடுவாரு. பதிவு போயிடும். போனேன்னா ஒம் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

உன் உதட்டில் தண்ணீர் பட்டுத் துப்பிக்கொண்டே சொன்னாய். அந்த நிலையிலும் உனக்குப் பதிவு! எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

களத்தில் பண்ணையார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன், மறைக்கமாட்டேன். ஆனாலும் மனுஷன் எழுந்திருக்கவில்லை.

"மதகுல ஒங்களுக்கு என்ன வேலை?"

"தப்புதாங்க. கோடாலி குடுங்கய்யா."

"எழுதிப் போட்டிருக்காளே மனு, அத வாபஸ் வாங்கிக்குவாளா?"

"சரிங்க."

"நீ பொறுப்பா?"

"சரிங்க. நான் பொறுப்பு."

திரும்பினால், பண்ணை ஆள் ஒருவர் கோடாலியோடு பாதி வழி ஓடிவிட்டிருந்தார். நான் முதல் வார்த்தை சொன்னபோதே கிளம்பியிருக்க வேண்டும். என் சரிக்காக அவர் காத்திருக்கவே இல்லை. அது தெரியாமல் உன் நிலத்தை நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்திருந்தாய். ஆப்பின் தலையில் நாலே போடு. இரண்டாகப் பிளந்தது. பலகை எழும்பியதும் உன்னை இழுத்துக் கரையில் போட்டோம். தண்ணீர் தன்பாட்டுக்கு உன் வயலைப் பார்த்துப் போனது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நீ மயக்கம் போட்டாய்.

மனு மேல் விசாரணைக்கு மன்னார்குடி தாலுகா ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். வலக்கையில் மாவுக்கட்டோடு நீ. வாபஸ் வாங்குவதாக ஒப்புக்கொண்டாள், சாட்சி இவள்தான் என்று பண்ணையார் என்னைக் காட்டினார். அதிகாரி கேட்டார். பண்ணையாரிடம் சரி சொன்னது நிஜம் என்றுதான் சொல்ல முடிந்தது. நீ என் பக்கம் திரும்பாமல் அதிகாரியிடம் சொன்னாய்.

"அவ சரின்னா அவ நெலத்தை அவ விடட்டுங்க. அவளுக்கு ஒரு குழி நெலம் கெடையாது. என் நெலத்துக்கு நான்தாங்க சொல்லணும். நான் சொல்லல."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் பெயர் பதிவாயிற்று. மறுநாளே என் இலை அறுக்கும் வேலை போயிற்று. பொறுப்பு என்று சொன்னது நான் அல்லவா? அப்புறம் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு ஆள் எடுக்கும்வரை நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அறுவடைக்கு அறுவடை ஒரு மூட்டை நெல்லை என் வாசலில் இறக்கிவிட்டுப் போவாய். நன்றி என்று ஒரு சொல் உன் வாயில் வந்ததில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் விசாரணை முடிந்து திரும்பும் பஸ்ஸில் ஒன்று கேட்டாய். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் கேட்டாய்.

"அன்னைக்கு சரிங்கன்னு சொன்னியே, ஒப்புக்குச் சொன்னியா, மனசாரவா?"

"ஒப்புக்குத்தாண்டி. கோடாலி வேணும்ல?"

"அப்பன்னா சரி" என்றாய். அன்று முதல் பழையபடி பேச ஆரம்பித்தாய். அந்த ஒரு பதிலின் மேல்தான் நம் இத்தனை வருஷமும் நின்றது.

அது பொய்.

ஒப்புக்குச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னேன். உன் மூன்று மாவும், உன் புருஷன் அதில் சிந்திய வேர்வையும், உன் பிள்ளைக்கென்று நீ பிடித்து வைத்திருந்ததும் எல்லாம் போகட்டும், நீ தண்ணீருக்கு மேலே வந்தால் போதும் என்றுதான் சொன்னேன். அந்தப் பெஞ்சுக்கு முன்னால் இன்னொரு தடவை நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். திட்டுவதானால் திட்டு. நீ திட்டிக் கேட்டு நாலு மாதம் ஆகிறது.

பிளந்து கிடந்த ஆப்பின் இந்தப் பாதியை நீ எப்போது பொறுக்கி வந்தாயோ, தெரியாது. இன்று காலையில் இடுக்கி வைத்து அந்த முனையைப் பிடுங்கிப் பார்த்தேன். வரவில்லை. விட்டுவிட்டேன். கட்டையை என் வாசல் கதவுக்கு முட்டாக வைத்திருக்கிறேன். முனை தெரியும் பக்கம் தெருவைப் பார்த்து இருக்கிறது.