அதே தலைக்கணக்குப்படி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதைக் கேட்டால்தான் இங்கே எனக்குச் சோறு இறங்கும். அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது, வலது கைதான் இன்னும் அசையவில்லை. இடது கையால் கஞ்சி குடிக்கிறார், பாதி சட்டைக்குப் போகிறது, அதற்கும் என்னைத்தான் திட்டுகிறார். திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்.

அவர் குளியலறையில் விழுந்த அன்று நம் ஊர் ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்று கேட்டாயே, பதில் இப்போதுதான் கிடைத்தது. வண்டி ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல் நகராட்சியில் அதை நிறுத்தியிருந்தது எனக்குத் தெரியும், நானும் ஓர் உறுப்பினர்தானே. பணம் ஏன் குறைந்தது என்பதுதான் தெரியாமல் இருந்தது. நாட்டின் வரிப்பணத்தை ஊர்களுக்குப் பிரிக்கும்போது தலையை எண்ணித்தான் தருகிறார்கள், எண்ணுகிற ராத்திரி யார் எங்கே படுத்தார்களோ அந்த ஊர்க் கணக்கு. நம் தெருவில் வாடகைக்கு அறை கிடைக்கவில்லை, ஆனால் கணக்கில் மட்டும் ஆள் குறைகிறது. நம் மாடியில் குடியிருக்கும் வெல்டர்தான் போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான், எண்ண வந்த அன்னிக்கு ரெண்டு ஷிப்ட் ஆளுங்களையும் ஃபேக்டரியிலயே படுக்க வச்சுட்டாங்கக்கா, சாப்பாடுகூட ஓசிதான் என்று. ஃபேக்டரி பக்கத்து ஊரில் இருக்கிறது. யார் ஏற்பாடு என்றேன், அந்த ஊர்த் தலைவர் என்றான். அதாவது உன் மாமா. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், எனக்குத் தம்பி இருந்தும் ஓர் ஆம்புலன்சுக்கு வழியில்லாமல் போயிற்று.

புகார் எழுதலாம் என்றார் எங்கள் தலைவர். விசாரணை முடிவதற்குள் எனக்குப் பல்லெல்லாம் கொட்டிவிடும். நான் வேறு வழி பார்த்தேன். குப்பைக் கிடங்கும் குடிநீர்க் குழாயும் இரண்டு ஊருக்கும் பொது, செலவைச் சரிபாதியாகப் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு ஊரும் சேர்ந்து உட்கார்ந்த கூட்டத்தில் நான் எழுந்து, வரவு தலைக்கணக்குப்படி என்றால் செலவும் அதே தலைக்கணக்குப்படி இருக்கட்டும், அதுதானே நியாயம் என்றேன். எங்க ஊர்ல அவ்வளவு பேர் ஏது என்று உன் மாமா வாயெடுத்தான், பாதியிலேயே மூடிக்கொண்டான். நுணலும் தன் வாயால் கெடும், இவன் வாயை மூடியும் கெட்டான். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். பழம் வாங்கி வந்தான், நான் வாங்கவில்லை. அக்கா, செலவு ஏறுச்சுன்னா எங்க ஆஸ்பத்திரியில ராத்திரி நர்ஸை நிறுத்தணும் என்றான். நிறுத்து என்றேன். உனக்கும் போன் பண்ணுவான், தோளில் தூக்கி வளர்த்த கதையெல்லாம் சொல்வான். தூக்கி வளர்த்தது உண்மைதான், அதற்காக நீ உருகிவிடாதே.

அவன் போனபிறகு அப்பா கட்டிலில் இருந்தபடியே, அந்த ஊர்லயும் ஒருத்தன் விழுவான்ல என்று மெதுவாகக் கேட்டார். விழுவான் என்றேன். அது உன் மாமாவாக இருக்கட்டும் என்று மனதுக்குள் நினைத்தும்விட்டேன். என் கூடப் பிறந்தவன், கண்ணு.

ரத்த அழுத்தம் உன் அப்பா வழியில் வருவது, மாதம் ஒருமுறை பார்த்துக்கொள், உப்பைக் குறை. பேரனுக்கு என் முத்தம், மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். செலவுப் பங்கு பற்றி நான் சொன்னதற்கு வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. தம்பி விழட்டும் என்று நினைத்தது இன்னும் உறுத்துகிறது, ஆனாலும் கையைத் தூக்கத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா